கடல் இல்லாத நகரம்

அம்மாவுக்கு ஊர் மெய்ஞானபுரம், அப்பாவுக்கு மணப்பாடு. அவள் சி.எஸ்.ஐ., அவர் கத்தோலிக்கர். விடுமுறை விட்டால் பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று போகும். பரலோகத்தைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்டு வளர்ந்தேன்.

மெய்ஞானபுரத்தில் அது உயரத்தில் இருந்தது. ஜான் தாமஸ் ஐயர் கட்டிய பரிசுத்த பவுல் ஆலயத்தின் கோபுரம் 192 அடி. அதன் நுனிக்குச் சற்று மேலேதான் பரலோகம் தொடங்குகிறது என்று நம்பியிருந்தேன். 1961இல் ககாரின் விண்வெளிக்குப் போய் வந்தார். அங்கே கடவுளைக் காணோம் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு. அவர் அப்படிச் சொன்னதற்குச் சான்று கிடையாது; ஆனால் வகுப்பில் அதைக் கேட்டுக் கலங்கிப்போய் உபதேசியார் தாத்தாவிடம் ஓடினேன். அவர் கோபப்படவில்லை. வெளிப்படுத்தின விசேஷம் 21ஆம் அதிகாரத்தை விரித்து, சிலேட்டில் கணக்குப் போடச் சொன்னார். புதிய எருசலேமின் நீளம் 12,000 ஸ்தாதி. ஒரு ஸ்தாதி சுமார் 185 மீட்டர். பெருக்கினால் 2,220 கிலோமீட்டர். நேர்கோடு இழுத்தால் கன்னியாகுமரியிலிருந்து கிட்டத்தட்ட டெல்லி. அகலமும் அவ்வளவு, உயரமும் அவ்வளவு. ககாரின் எட்டிய உயரமோ 327 கிலோமீட்டர்தான்.

நான் மலைத்து நிற்கையில் தாத்தா சொன்னார்: "அது மேலேயே இருக்கும்னு எங்கடே போட்டிருக்கு? எறங்கி வருதுன்னுல்லா எழுதியிருக்கு!"

மணப்பாட்டில் மோட்சத்துக்கு முன்னால், இறந்தவரின் ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் இருந்தது. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று குடும்பங்கள் தங்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும். இறந்தவருக்காக வேண்டிக்கொள்ளும் வழக்கம் அம்மா வீட்டில் இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு கிடைத்ததே, அப்புறம் என்ன என்பாள் பாட்டி. ஆனால் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்குக் கழுவக் கல்லறையும் இல்லை. அவள் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கல்லறைத் தோட்டத்துப் பெரிய சிலுவையின் அடியில் ஏற்றுவாள். கடற்காற்று அணைக்கும், மறுபடி ஏற்றுவாள்.

அவளிடம்தான் நான் கணக்குப் போட்ட பெருமையைச் சொன்னேன். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தையும் சொன்னேன்: அங்கே கடல் இருக்காது.

ஆச்சி கை வேலையை நிறுத்தினாள். "அப்போ ஒங்க தாத்தாவ எங்க போய்த் தேட?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பின்னாளில் படித்தேன்: வேதத்தை எழுதியவர்களுக்குக் கடல் என்பது அச்சம். தானியேல் கண்ட நான்கு மிருகங்களும் கடலிலிருந்துதான் எழும்புகின்றன. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானே பத்முத் தீவில், நாலு பக்கமும் கடல் சூழ இருந்தவர். 1999இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், மோட்சம் மேகங்களுக்கு நடுவே உள்ள இடமல்ல, கடவுளோடு கொள்ளும் உயிருள்ள உறவு என்றார். ஏற்கிறேன். ஆனால் உடலைக்கூடக் காணாமல் இழந்தவளுக்கு அது போதாது. அவளுக்குத் தேவைப்பட்ட பதில் முந்தின அதிகாரத்திலேயே இருக்கிறது: கடல் தன்னிடமுள்ள இறந்தவர்களை முதலில் திருப்பிக் கொடுக்கிறது; அதன் பிறகுதான் இல்லாமல் போகிறது.

கடற்கரை ஊர்களில் 21ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கிறவர்கள், தயவுசெய்து 20ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்திலிருந்து தொடங்குங்கள்.