ரேகை தேய்ந்த கையும் ஒரு மாநாட்டுக் கேள்வியும்

சமூகவியலில் முதுகலை முடித்து, எட்டு வருடம் களப்பணி செய்துவிட்டு, முப்பத்து மூன்று வயதில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தேன். துறையின் பெயர் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். "கம்ப்யூட்டர் படிப்பா?" என்று ஊரில் கேட்கிறார்கள். அப்படியும் சொல்லலாம். ஒரு ரேஷன் கடையிலோ தாலுகா ஆபீசிலோ ஒரு மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் அங்கே வருகிற மனிதர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது இந்தத் துறையின் ஒரு பகுதி. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

இந்தத் துறை மாநாடுகளைச் சுற்றி இயங்குகிறது. பெரியது ஐ.சி.ஐ.எஸ். 1980இல் பிலடெல்பியாவில் முதன்முதலாகக் கூடியது. 2020இல் ஐதராபாத்தில் நடந்திருக்க வேண்டியது, கொரோனாவால் இணையவழிக்குப் போனது. 2023 டிசம்பரில்தான் ஐதராபாத்தில் நேரில் நடந்தது. இதைத் தவிர நாடுதோறும் சின்னச் சின்ன மாநாடுகள் உண்டு. நான் கட்டுரை வாசித்தது அப்படி ஒன்றில்.

கட்டுரையை அனுப்பும்போது அதில் நம் பெயர், கல்லூரி எதுவும் இருக்கக் கூடாது. படித்து மதிப்பெண் போடுகிறவர் யார் என்று நமக்கும் தெரியாது. இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. பெயரும் ஊரும் கேட்காமல் என் எழுத்தை மட்டும் யாரோ படித்து, "வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நேரில் போனதும் எல்லாமே தெரிந்துவிடுகிறது. கழுத்தில் தொங்குகிற அட்டையில் பெயருக்குக் கீழே கல்லூரி. டீ இடைவேளையில் முதலில் அந்த அட்டையைத்தான் பார்க்கிறார்கள், பிறகுதான் முகத்தை. என் இங்கிலீஷ் நான்காவது வாக்கியத்தில் தடுமாறும். முதல் நாள் முழுக்க ஓரமாக நின்று டீ மட்டும் குடித்தேன்.

இரண்டாம் நாள் என் முறை. பதினைந்து நிமிடம். எங்கள் பகுதி ரேஷன் கடையைப் பற்றிப் பேசினேன். 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபரில் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. நான் பேசியது ஒரு ஆயாவைப் பற்றி. விரல் வைப்பார், மெஷின் ஏற்காது. துடைத்துவிட்டு வைப்பார், அப்போதும் ஏற்காது. ஆதாரில் இருக்கிற போன் நம்பருக்கு ஓ.டி.பி. வரும் என்பார்கள். அந்த போன் திருப்பூரில் வேலை செய்யும் பேரனிடம் இருக்கிறது. ஒரு மாத அரிசிக்கு மூன்று நாள் நடை. மூன்று நாளும் கூலி போச்சு. ஸ்லைடில் தலைப்பு: 'முதியோரும் கைரேகைப் பதிவும்'.

முடித்ததும் ஒரு பேராசிரியர் கேட்டார். "எல்லா முதியோருக்கும் இப்படி ஆகிறதா? இல்லையென்றால் யாருக்கு ஆகிறது? ஒரு மூதாட்டியின் கதையிலிருந்து இந்தத் துறைக்கு நீங்கள் தருகிற கோட்பாடு என்ன?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அரிசி கிடைக்காதவரைப் பற்றிப் பேசினால் கோட்பாடு கேட்கிறார்களே என்று. பதில் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. கள நோட்டை எடுத்துப் புரட்டினேன். ரேகை விழாதவர்கள் என்று குறித்திருந்த ஒவ்வொருவர் பக்கத்திலும் என்ன வேலை என்றும் எழுதியிருந்தேன். செங்கல் சூளை, சித்தாள், களையெடுப்பு, தெரு கூட்டுதல். அதே கடையில் கார்டு வைத்திருக்கிற ஓய்வுபெற்ற வாத்தியாருக்கும் ஆயாவின் வயதுதான். ஊர்த்தெருவில் இருக்கிறார். அவர் விரலை வைத்தவுடன் பில் வந்துவிடும். சாக்பீஸ் பிடித்த விரல் தேயவில்லை. செங்கல் பிடித்த விரல் தேய்ந்துவிட்டது. எங்கள் பகுதியில் யார் செங்கல் பிடிக்கிறார்கள் என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சமூகவியல் படித்த நானே அதை 'முதியோர்' என்று எழுதியிருந்தேன். அரங்கத்துக்கு எது சங்கடமில்லாமல் இருக்கும் என்று என்னையறியாமல் யோசித்திருக்கிறேன். பேராசிரியர் எந்த மனநிலையில் கேட்டாரோ, எனக்குத் தெரியாது. கேள்வி நியாயமானது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2003இல் ஒரு மதிப்பீடு சொன்னார்: வளரும் நாடுகளில் அரசின் மின்னாளுமைத் திட்டங்களில் சுமார் 35 சதவீதம் முழுத் தோல்வி, 50 சதவீதம் பாதித் தோல்வி, 15 சதவீதம்தான் வெற்றி. வடிவமைப்பவர் மனதில் இருக்கிற உலகத்துக்கும் நடப்பு உலகத்துக்கும் உள்ள இடைவெளிதான் காரணம் என்பது அவர் வாதம். மெஷினை வடிவமைத்தவர் மனதில் இருந்த விரல் வாத்தியாருடையது. அந்த இடைவெளிக்குள் சாதியும் உழைப்பும் இருக்கின்றன என்று நாம் எழுதலாம். அதுதான் கோட்பாடு என்று அவர்கள் கேட்பது. வெறும் கதையாகச் சொன்னால் "பாவம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஆய்வு மாணவர்களாக இருக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இந்த மாநாடுகளுக்குப் போங்கள். பல மாநாடுகளில் முனைவர் பட்ட மாணவர்களுக்கென்று தனி அமர்வு உண்டு, முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். மாணவர் கட்டணம் தனி. தன்னார்வலராக வேலை செய்தால் சில இடங்களில் கட்டணமே இல்லை, கேட்டுப் பாருங்கள். இங்கிலீஷ் தடுமாறினால் தடுமாறட்டும். கள நோட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஊர் திரும்பியதும் ஆயாவைப் பார்க்கப் போனேன். உங்களைப் பற்றித்தான் பெரிய பெரிய படிப்பாளிகள் முன்னால் பேசிவிட்டு வந்தேன் என்றேன்.

"என் ரேகை விழலன்னு சொல்றதுக்கா கண்ணு அம்மாந்தூரம் போன? அவங்க வந்து அரிசி போடுவாங்களா?"

"போட மாட்டாங்க ஆயா."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்'க்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கடைக்கு வர முடியாதவர்கள் வேறொருவரை அனுப்பிப் பொருள் வாங்க ஒரு படிவம் இருக்கிறது. அன்றைக்கே அதை நிரப்பி, பக்கத்து வீட்டு அக்கா பெயரைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த மாதம் அரிசி வந்தது. கட்டுரையையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். தலைப்பில் 'முதியோர்' இல்லை. 'சூளையில் வேலை செய்தவர்கள்' என்று இருக்கிறது.