அம்மாவின் தூக்குச்சட்டி

எங்கள் அன்னையார் தொண்ணூறு பிராயம் நிறைந்து கண்மூடிய பிறகு அவருடைய தகரப்பெட்டியைத் திறந்து பார்த்தோம். இரண்டு நூல்புடவைகளும், தகப்பனாரின் மூக்குக்கண்ணாடியும், அடி நசுங்கிய ஒரு பித்தளைத் தூக்குச்சட்டியும் அதில் இருந்தன. புடவைகளைத் தமக்கை எடுத்துக்கொண்டாள். கண்ணாடியை நான் எடுத்துக்கொண்டேன். தூக்குச்சட்டியைத் தனக்கென்று கேட்க ஒருவருக்கும் நா எழவில்லை. அது எங்கள் குடும்பத்துக்கு மாத்திரம் உரிய சொத்து அன்று என்ற எண்ணம் எல்லோருடைய மனத்திலும் இருந்தது.

1931-இல் பிறந்து, 1950-இல் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மனைவியாகக் கள்ளக்குறிச்சிக்கு வந்த அவர், அதன்பின் ஆயுள் முழுவதும் ஒரே வீட்டில் வசித்தார். குடிபெயராமலே மூன்று ஜில்லாக்களில் வாழ்ந்தவர் அவர். வந்தபோது எங்கள் ஊர் தென்னார்க்காட்டில் இருந்தது. 1993-இல் விழுப்புரத்தோடு சேர்ந்தது. 2019 நவம்பரில் தானே ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. ஆனால் மழை பெய்து ஓய்ந்த காலைகளில் மேற்கே நீலமாய்த் தெரியும் கல்வராயன் மலை மட்டும், அவர் முதல்நாள் பார்த்தபடியே கடைசிவரை அங்கேயே நின்றது.

அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்று வழிவழியாகச் சொல்லிவருகிறவர்கள். தேசம் சுதந்திரம் பெற்ற பின்னும் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆதிக்கத்திலேயே இருந்த அந்த மலை, 1976-இல்தான் அரசாங்கத்தின் நேர்நிர்வாகத்துக்கு வந்தது. சாமையும் கேழ்வரகும் விளைவித்து, கடுக்காயும் புளியும் தேனும் சேகரித்து, அவற்றைத் தலைச்சுமையாய்க் கீழே கொண்டுவந்து விற்று, உப்பும் துணியும் வாங்கித் திரும்புகிற அவர்களில் சிலர், வெயில் தாழும்வரை எங்கள் திண்ணையில் அமர்வதுண்டு. அம்மாவுக்கும் அவர்களுக்கும் பழக்கம் ஏற்பட்டது அந்தத் திண்ணையில்தான்.

பிரசவத்தில் சிக்கல் நேர்ந்த மலைப்பெண்களைத் தூளி கட்டித் தோளில் சுமந்து இறக்கிக் கச்சிராயபாளையம் வழியாக எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். குழந்தை பிறந்தவுடன் சுமந்து வந்த ஆண்கள் காட்டு வேலைக்குத் திரும்பியாக வேண்டும். பெண்ணுக்கோ அடுப்பு மூட்ட ஊரில் ஓர் இடம் கிடையாது. இதைத் திண்ணைப் பேச்சில் அறிந்த நாளிலிருந்து, காலையில் உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம், அளந்ததிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்து மூலையிலிருந்த மண்பானையில் போடுவதை அம்மா வழக்கமாக்கிக்கொண்டார். பிடி அரிசி எடுத்துவைப்பது தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் அறிந்த தர்மந்தான்; அம்மா செய்த விசேஷமெல்லாம், அந்த அரிசியைத் தாமே கஞ்சியாகக் காய்ச்சி, தூக்குச்சட்டியில் ஊற்றி, ஒரு துண்டு நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துத் தாமே எடுத்துச் சென்றதுதான்.

இதை நான் ஆதியிலிருந்தே பெருமையாகக் கருதினேன் என்று சொன்னால் அது சத்தியமாகாது. எட்டு வயதில் எனக்குக் கடுஞ்சுரம் கண்டிருந்த ஒரு காலையில், நெற்றியில் ஈரத்துணியை மாற்றிவிட்டுத் தூக்குச்சட்டியோடு அவர் படியிறங்கியதைக் கண்டு, என்னைவிட முகமறியாத ஒருத்தி அவருக்குப் பெரிதாகிவிட்டாள் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன். திரும்பி வந்தவர் என்னைச் சமாதானப்படுத்த முயலவில்லை, பக்கத்தில் அமர்ந்து, “உனக்குக் கஞ்சி கொடுக்க அக்கா இருக்கா, அப்பா இருக்காரு, அவளுக்கு யாருடா இருக்கா?” என்று மட்டும் கேட்டார். எட்டு வயதில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை, இப்போதும் முடியவில்லை.

தகப்பனார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்த மூன்று வருஷமும், அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் புரட்டிப் படுக்கவைத்த சிரமத்தில் அம்மா பாதியாய் இளைத்துப்போனார். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிடலாமே என்று நாங்கள் சொன்னபோது, வாய் குழறிய நிலையிலும் கடிகாரத்தைக் காட்டி, “நேரமாச்சு, போய்ட்டு வா” என்று அவரை அனுப்பிவைத்தவர் அப்பாதான். அந்தத் தொண்டில் பாதி, ஒருநாளும் அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத அவருடையது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். 1995-இல் தேசமெங்கும் போலியோ சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியபோது, அறுபது வயதைக் கடந்திருந்த அம்மா முகாம் வாசலில் அமர்ந்து, மருந்துக்கு அஞ்சித் தயங்கிய தாய்மாரிடம் பேசிப் பேசி அழைத்துவருவார். 2014-இல் இந்தியாவில் போலியோ ஒழிந்துவிட்டதென்ற அறிவிப்பைப் பத்திரிகையில் படித்துச் சொன்னேன். “அப்படியா” என்று கேட்டுவிட்டுக் கீரை ஆய்வதைத் தொடர்ந்தார்.

அம்மாவுக்குத் திருமணமான அதே 1950-இல், காந்தியத் தொண்டர் ஜெகந்நாதனை மணந்தவர் கிருஷ்ணம்மாள். தாழ்த்தப்பட்ட ஏழைக் குடும்பத்தில் 1926-இல் பிறந்து, பட்டப்படிப்பு முடித்து, கணவரோடு வினோபாவின் பூதான இயக்கத்தில் இறங்கியவர். 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதை அறிந்து, தஞ்சை மண்ணுக்கே தம் ஜீவியத்தை மாற்றிக்கொண்டார். 1981-இல் ‘லாப்டி’ ஸ்தாபனத்தைத் தொடங்கி, நிலமற்ற ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, அந்தந்த வீட்டுப் பெண்ணின் பெயரிலேயே நிலம் கிடைக்கச் செய்தார். இரண்டு மக்களுக்குத் தாயான அவர், மகனுக்கு இட்ட பெயரே பூமிக்குமார். 2020-இல் தேசம் அவருக்குப் பத்மபூஷண் அளித்தது. அவருடைய பெருஞ்செயலோடு ஒரு தூக்குச்சட்டிக் கஞ்சியை நிறுத்துப் பார்க்கும் துணிவு எனக்கில்லை. ஆயினும், கிருகதர்மம் வேறு, பரோபகாரம் வேறு என்று பிரித்து எண்ணாத ஸ்வபாவம் இருவருக்கும் பொது என்றே நம்புகிறேன். வீட்டு வேலை எல்லாம் முடிந்தபின் மிஞ்சிய நேரத்தில் அம்மா தொண்டு செய்யவில்லை. எங்களுக்கு உலை வைத்த அதே அரிசியிலிருந்துதான் அந்தப் பிடியையும் எடுத்தார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே அழைத்தும் வராமல், “நான் பொறந்தப்ப எங்கம்மாவுக்கு ஒம்பது நாளு கஞ்சி குடுத்தாங்களாம். எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு” என்று கூறி, மடியிலிருந்த சாமை முடிப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு நேரமாயிற்றென்று போய்விட்டார். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி கைகழுவிக்கொண்டு வந்து, யாரையும் கேளாமல் அந்த முடிப்பை அவிழ்த்து, மூலையில் பதினாறு நாளாகக் காலியாய் இருந்த மண்பானையில் கொட்டினாள்.

மறுநாள் காலையில் சாமைக்கஞ்சி கொதிக்கும் வாசனை வந்தது. நான் பெட்டியைத் திறந்து, தூக்குச்சட்டியை எடுத்துப் புளி போட்டுத் தேய்க்கத் தொடங்கினேன்.