நான் பெற்ற தள்ளுபடி

2022-ல் இலங்கை ரூபாய் சரியச் சரிய நான் சந்தோஷப்பட்டேன். இதை இத்தனை நாளும் யாரிடமும் இப்படி உடைத்துச் சொன்னதில்லை. “நல்ல நேரம் பார்த்துப் போய்ட்டு வந்தோம்” என்றுதான் சொல்லிவந்தேன். அந்த நல்ல நேரம் அங்கே இருந்தவர்களுக்கு எப்படிப்பட்ட நேரம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் போனேன்.

இலங்கை மலைநாட்டில் உள்ள நுவரெலியாவைப் பார்க்க வேண்டும் என்பது என் மனைவிக்கு வெகுநாள் ஆசை. மாமியார் பிறந்தது அந்த மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் ஒன்றில். சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். ஒவ்வொரு முறை பயணப் பேச்சு எழும்போதும் நான் கணக்குப் போட்டு, கட்டாது என்று தள்ளிப்போட்டேன். அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே 2.70 கிடைக்கும். அது 4.50 வரை போன பிறகுதான் எனக்கு அந்த ஊர்மேல் திடீரென்று அக்கறை பிறந்தது.

ஒரு நாட்டின் பணம் சும்மா விழுவதில்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் சுற்றுலா படுத்தது. அந்த நவம்பரில் ஜனாதிபதியான கோட்டாபய ராஜபக்ச, தேர்தலில் சொன்னபடி வரிகளைக் குறைத்தார். மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. பின்னாலேயே கொரோனா. 2021-ல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டார்கள், விளைச்சல் விழுந்தது. இவ்வளவுக்கும் நடுவே டாலர் 200 ரூபாய்க்குச் சற்று மேலேயே நிற்கும்படி மத்திய வங்கி பிடித்துவைத்திருந்தது. கையிருப்பு டாலர் அதில் கரைந்தது. வெளிநாட்டில் உழைத்தவர்களில் பலர் வங்கியை விட்டுவிட்டு, கூடுதலாகக் கிடைக்கிறதே என்று உண்டியல் எனப்படும் கணக்கில் வராத வழியில் அனுப்பினார்கள். வங்கிக்கு வர வேண்டிய டாலரும் வராமல் போனது. 2022 மார்ச் 7 அன்று அந்தப் பிடி விட்டது. மே நடுவில் டாலர் 360.

இதெல்லாம் நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது இல்லை. அன்றன்றைக்கே செய்தியில் பார்த்தேன். பன்னிரண்டு மணி நேர மின்வெட்டு, காஸ் சிலிண்டர் வரிசை, காகிதம் இல்லாமல் தள்ளிவைத்த பள்ளிப் பரீட்சை, எல்லாம் தெரியும். ஏப்ரல் 12-ல், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று இலங்கை அறிவித்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் நான் சொன்னது இதுதான்: “இன்னும் இறங்கும். பொறு.”

மே மாதம் இலங்கை மக்களுக்காகத் தமிழ்நாடு அரசு நிதி கேட்டது. அரிசியும் பால் பவுடரும் மருந்தும் சென்னையிலிருந்து கப்பலில் போயின. நானும் பணம் கொடுத்தேன், மனதார. அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டதால் காத்திருப்பதில் தப்பில்லை என்று நினைத்தேனோ என்னவோ. ஜூலை 9 அன்று ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்ததை, நீச்சல் குளத்தில் இளைஞர்கள் குதித்ததை எல்லோரையும் போல நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு, டாலர் 400-ஐத் தொடுமா என்று தேடினேன். தொடவில்லை. மே மாதத்திலிருந்தே மத்திய வங்கி அதை 360-க்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டிருந்தது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

டிசம்பரில் போனோம். பெட்ரோல் வரிசைகள் கரைந்து, கியூஆர் அட்டைக்கு அளந்து ஊற்றும் முறை வந்திருந்தது. போன பிறகுதான், எது மலிந்திருக்கிறது, எது மலியவில்லை என்று கண்ணில் பட ஆரம்பித்தது. நாங்கள் தங்கிய ஓட்டலில் வாடகையை டாலரில் போட்டிருந்தார்கள், அது இறங்கவே இல்லை. சிகிரியா பாறைக் கோட்டையில் வெளிநாட்டவருக்கு நுழைவுச் சீட்டு அப்போது 30 டாலர், சார்க் நாட்டவருக்குப் பாதி. அதுவும் டாலர்தான். நம் ரூபாயும் அந்த வருஷம் டாலருக்கு 80-ஐத் தாண்டியிருந்ததால், டாலரில் கொடுத்த இடங்களில் எனக்குச் செலவு கூடத்தான் செய்தது. அப்படியானால் எனக்கு மிச்சமானது எங்கே? சின்னக் கடையின் கொத்து ரொட்டியில். பெட்டி தூக்கியவர் கூலியில். வழியில் ஓர் இரவு தங்கிய வீட்டின் அறை வாடகையில். வண்டிக் கூலியில். டாலரில் விலை சொல்ல முடிந்தவர்கள் யாரும் என்னிடம் எதையும் இழக்கவில்லை. ரூபாயில் மட்டுமே விலை சொல்லத் தெரிந்தவர்கள்தான் எனக்குத் தள்ளுபடி கொடுத்தார்கள். அந்தத் தள்ளுபடி போதாமல் நான் மேலும் கேட்டேன்.

நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. முதல் வண்டிக்காரர் இருபத்தைந்து வயதுக்குள் இருப்பார். கிரகரி வாவி, சீதாஎலிய கோயில், ஹக்கலைப் பூங்கா, திரும்பி வரும் வழியில் ஒரு தோட்டம் என்று சொன்னேன்.

“நாள் முழுக்கன்னா ஆறாயிரம் குடுங்க சார்.”

“நாலாயிரம்னா வா தம்பி.”

“பெட்ரோல் கோட்டாவுல அளந்துதான் சார் தர்றாங்க. பத்தலன்னா வெளியில கூடக் குடுத்துத்தான் வாங்கணும்.”

“நாலாயிரத்து ஐந்நூறு. முடியலன்னா சொல்லு, அடுத்த வண்டியப் பாக்குறேன்.”

அவர் திரும்பி அந்த வரிசையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வண்டிக்கும் சவாரி இல்லை. “சரி சார், ஏறுங்க” என்றார்.

அவர் மறுக்க மாட்டார் என்று தெரிந்துதான் அந்த வரிசையைக் காட்டினேன். ஒரு வருஷம் முன்பு லிட்டர் 177-க்கு விற்ற பெட்ரோல் அன்றைக்கு 370. கியூஆர் வந்த புதிதில் ஆட்டோவுக்கு வாரம் 5 லிட்டர்தான் என்பதும் எனக்குத் தெரியும். கொழும்பில் அந்த செப்டம்பரில் உணவுப் பொருள்களின் விலை முந்தைய வருஷத்தைவிட ஏறக்குறைய 95 சதவீதம் ஏறியிருந்தது என்பதையும் படித்திருந்தேன். நாட்டைப் பற்றி இவ்வளவு தெரிந்துவைத்திருந்த நான், அதை அந்தப் பையனிடம் 1,500 ரூபாய் குறைக்கத்தான் பயன்படுத்தினேன்.

ஹக்கலையிலிருந்து திரும்பும்போது சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி மனைவி இறங்கிப் பார்த்தாள். தன் அம்மாவும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறார் என்று ஆட்டோக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்.

“ஒரு நாளைக்கு எவ்வளவுப்பா தர்றாங்க?”

“ஆயிரம் ரூபா அக்கா. கிலோ நெறையலன்னா அரைப்பேருதான், பாதிக் கூலி.”

அந்த ஆயிரம் 2021-ல் நிர்ணயித்தது. வருஷக்கணக்காகப் போராடி வாங்கியது. வாங்கியபோது நம் பணத்தில் 370 ரூபாய்க்குச் சமம். நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்த மத்தியானம் 230-கூட இல்லை. கூலியை யாரும் குறைக்கவில்லை, ஆனாலும் குறைந்துவிட்டது. நான் பேரம் பேசிக் குறைத்த 1,500 அந்த அம்மாவின் ஒன்றரை நாள் கூலி. எனக்கு அது 340 ரூபாய்.

மனைவி வண்டியில் ஏறியதும் மெல்லச் சொன்னாள், “அவன் கேட்ட ஆறாயிரத்தையே குடுத்துருங்க.” அவளுடைய அம்மாவும் அந்த அரைப்பேருக்குப் பயந்து கொழுந்து எடுத்தவர்தான். நான், “பேசினது பேசினதுதான்” என்றேன். ஓட்டல் வாசலில் ஐயாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து, பிரித்து, நீவிக் கொடுத்தார். வேண்டாம் வைத்துக்கொள் என்று நான் சொல்வதற்கு அவர் இடம் கொடுத்தது மாதிரி இருந்தது. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். உள்ளே போய் ஓட்டலில் குடித்த தேநீருக்குப் பத்து சதவீதம் சேவைக் கட்டணமும் சேர்த்துப் பில் வந்தது. அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்று உண்டு. இலங்கைக்கு அப்போது அந்நியச் செலாவணி உயிர்த் தேவை, போகிறவர்கள் போனால்தானே அவர்கள் எழுந்திருக்க முடியும் என்பது. அது உண்மைதான். பயணிகள் வந்தது அந்த நாட்டுக்கு நல்லதே செய்தது. ஆனால் அந்த நியாயம் நான் கொடுத்த 4,500-க்குத்தான் பொருந்தும். கொடுக்காமல் பிடித்துக்கொண்ட 1,500-க்குப் பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகக் கலந்து, நான் அந்த நாட்டுக்கு ஒத்தாசை செய்துவிட்டு வந்ததாக ஊரில் பேசினேன்.

ஊருக்கு வந்த பிறகு நான் செய்தது இதைவிட மோசம். எங்கே எவ்வளவு கேட்பார்கள், எவ்வளவுக்கு இறங்குவார்கள் என்று ஒரு தாளில் எழுதிவைத்தேன். ‘ஆட்டோ, நாள் முழுக்க: 6,000 சொல்வான், 4,500-க்கு வருவான்.’ போகிறவர்களுக்கெல்லாம் அதைப் படம் எடுத்து அனுப்பினேன். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு அனுப்பினார்கள். ஒருவர் திரும்பி வந்து, “நாலாயிரத்துக்கே முடிச்சுட்டேன்” என்றார். நான் அவரைப் பாராட்டினேன். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புக்கொண்டு, ரூபாய் கொஞ்சம் நிமிர்ந்து, டாலர் 300 பக்கம் இறங்கியபோது, அந்தத் தாளில் உள்ள கணக்கு இனிமேல் செல்லாதே என்று வருத்தப்பட்டேன். அங்கே ஒரு குடும்பத்துக்கு மூச்சு வந்திருக்கும் என்பது அந்த வருத்தத்துக்குள் எங்கேயும் இல்லை.

இதையெல்லாம் உணர்ந்து திருந்திவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். 2024 மார்ச் 6 அன்று எகிப்தின் மத்திய வங்கி தன் பவுண்டைப் பிடித்துவைப்பதை விட்டது. டாலருக்கு 31 பவுண்டு என்றிருந்தது ஒரே நாளில் 50-க்குப் பக்கத்தில் போனது. இலங்கையில் பார்த்த அதே கதை: வராத டாலர், பிடித்துவைத்த விலை, நாணய நிதியத்தின் கடன். செய்தியைப் படித்த அன்றே கெய்ரோவுக்கு விமானக் கட்டணம் பார்த்தேன். மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம், “எகிப்து போறதுன்னா இப்பத்தான் சார் போகணும்” என்றேன். பிரமிடு வாசலில் வண்டியோ ஒட்டகமோ வைத்துக்கொண்டு, தன் நாட்டுப் பணத்தில் மட்டுமே விலை சொல்லி நிற்பவரின் நினைப்பு எனக்கு அப்போதும் வரவில்லை.