கருப்பியும் ஆறு புதுக்கோழிகளும்

புதுசா நாலு கோழி வாங்கிட்டு வந்து, வீட்ல ஏற்கெனவே இருக்கிற கோழிங்களோட விட்டா என்ன ஆகும்? "என்ன ஆவும், ரெண்டு நாளு கொத்திக்கும், அப்புறம் தானா சேந்துக்கும்"னு நினைக்கிறவங்கள்லாம் கையத் தூக்குங்க. நானும் கையத் தூக்கினவன்தான். ஒன்பது கோழியக் காவு குடுத்தப்புறம்தான் இறக்கினேன்.

எங்க ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். கல்லணைக் கால்வாய்த் தண்ணியில நெல்லு, மேட்டுல தென்னை. அப்பா போனதுக்கப்புறம் அம்மா மட்டும்தான் ஊர்ல. நான் பெங்களூர்ல. கூப்பிட்டா வராது. "கோழிய யாரு பாக்குறது?"ங்கிறது நிரந்தரமான பதில். பதினாலு உருப்படி வெச்சிருந்துச்சு. எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நோட்டு, பேனா, ஜாமெட்ரி பாக்ஸ் எல்லாமே முட்டைக் காசுலதான். அதனால கோழியக் கிண்டல் பண்ற உரிமை எனக்குக் கிடையாது.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் அடிச்சுது. எங்க பக்கத்துல தென்னந்தோப்பெல்லாம் வரிசையா படுத்துக் கெடந்துச்சு. கோழிக்கொட்டகை மேல ஒரு மரம். மிஞ்சினது நாலு பெட்டை. செவலை, சாம்பல், மொட்டவாலு, கருப்பி.

பொங்கலுக்கு (2019) ஊருக்குப் போனப்போ, டிவிஎஸ் எக்ஸெல்ல கூடை கட்டிக்கிட்டு ஒரு கோழி வியாபாரி வந்தார். அம்மா முகத்துல சிரிப்பப் பாக்கணும்னு ஆறு வெடக்கோழி வாங்கிட்டேன். "எங்கேருந்து வருதோ என்னவோ, யோசிச்சு வாங்கு தம்பி"ன்னுச்சு. கேக்கலை. கூடைய அப்படியே கொல்லையில கவுத்தேன்.

அப்புறம் நடந்தது கோழிச்சண்டை இல்ல, அடிதடி. செவலை கழுத்து மயிரச் சிலுப்பிக்கிட்டு ஒவ்வொண்ணா தலையிலேயே கொத்துச்சு. புதுசுல ஒண்ணு ரத்தக் கொண்டையோட வைக்கப்போருக்குப் பின்னாடி போய் ஒடுங்கிருச்சு. சாயங்காலம் வரைக்கும் ஒரு நெல்லு திங்கல. ரத்தத்தப் பாத்தா மத்த கோழியும் அதையே கொத்தும்னு எனக்கு அப்பத் தெரியாது.

செவலை மேல அப்போ பயங்கரக் கோவம். ஆனா தப்பு செவலை மேல இல்லீங்க. நார்வேக்காரர் ஒருத்தர், தோர்லைஃப் ஷெல்டரூப்-எப்பேன்னு பேரு. சின்னப் புள்ளையிலேருந்தே கோழியப் பாத்துக்கிட்டே இருந்து, 1922-ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டார். கோழிக்கூட்டத்துல யாரு யாரக் கொத்தலாம், யாரு யாருக்கு வழி விடணும்ங்கிறது முன்னாடியே தீர்மானமான விஷயம், அதுக்குப் பேரு கொத்துவரிசைன்னார். தீனி, தண்ணி, ராத்திரி ஒக்கார்ற எடம், எல்லாம் அந்த வரிசைப்படிதான். வரிசை முடிவாயிருச்சுன்னா சண்டை கொறையும். ஒரு பார்வை, ஒரு தலையசைப்பு போதும். அதாவது கொத்துறது கெட்ட குணம் இல்ல, தினமும் கொத்திக்காம இருக்கிறதுக்கான ஏற்பாடு. நான் செஞ்சது, ஏற்கெனவே முடிவான கணக்குல ஆறு புது எண்ண ஒரே நிமிஷத்துல கொட்டினது.

அதுங்க ஒண்ண ஒண்ணு அடையாளம் வெச்சுக்கிறது பெரும்பாலும் தலையையும் கொண்டையையும் பாத்துத்தான். 1953-ல கூல், ஆர்ட்மன்னு ரெண்டு பேரு கோழிகளோட உருவத்த மாத்தி மாத்திப் பாத்தாங்க. தலைப்பக்கம் ஆள் மாறினா, கூடவே இருந்த கோழியக்கூட அன்னியன்னு நினைச்சு மத்ததுங்க சண்டைக்குப் போச்சு. கூட இருந்ததுக்கே அந்தக் கதின்னா, கூடையிலேருந்து விழுந்ததுக்கு என்ன மரியாதை கெடைக்கும்?

சண்டையோட போயிருந்தா பரவாயில்ல. அஞ்சாம் நாள் புதுக்கோழி ஒண்ணு றெக்கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னுச்சு. வெள்ளையும் பச்சையுமா கழிச்சல். அடுத்த நாள் ரெண்டு. வெள்ளைக்கழிச்சல்ங்கிற ராணிக்கெட் நோய். செத்த ஒண்ண ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டு ஓடினேன் (2012-லேருந்து இங்க இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தடவகூட உள்ள போனதில்ல). அறுத்துப் பாத்து, வயித்துல ரத்தப்புள்ளியக் காட்டினாங்க. இதுக்கு வைத்தியம் கெடையாது, தடுப்பூசி மட்டும்தான். அதுவும் வர்றதுக்கு முன்னாடி.

பத்து நாள்ல புது ஆறும் போச்சு. செவலை, சாம்பல், மொட்டவாலும் போச்சு. புயல்ல தப்பிச்சத நான் கொன்னுட்டேன். எதுத்த வீட்டு அத்தாச்சியோடதும் நாலு செத்துப்போச்சு. அவங்க ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தாக்கூட தேவலாம்.

கருப்பி மட்டும் பொழச்சுது. காரணம் பெருசா ஒண்ணுமில்ல. அது அந்த நேரத்துல அடையில இருந்துச்சு, வாசப்பக்கத் திண்ணை ஓரத்துல தனியாப் பஞ்சாரத்துக்குள்ள. எல்லாம் அடங்கினப்புறம் அது வெளிய வந்துச்சு. முட்டையெல்லாம் கூமுட்டை. கொல்லை முழுக்கக் கத்திக்கிட்டே சுத்தி வந்துச்சு. சரியாத் திங்கல. அம்மா பின்னாடியே சமையக்கட்டு வரைக்கும் வரும். "அதுக்குப் பேச்சுத் தொணை இல்லடா"ன்னுச்சு அம்மா. கோழின்னா கூட்டம். ஒத்தக் கோழி பாதிக் கோழி.

இந்தத் தடவ ஒழுங்காப் படிச்சுக்கிட்டு எறங்கினேன். கொட்டகையக் கழுவி சுண்ணாம்பு அடிச்சு அஞ்சு மாசம் சும்மாப் போட்டோம். ஜூன்ல, தடுப்பூசி போட்டு வளத்த தெரிஞ்ச வீட்டுலேருந்து மூணு மாசக் குட்டி ஆறு. ஒண்ணு வாங்கக்கூடாது. ஒத்தையா வந்தா மொத்தக் கொத்தும் அதுக்குத்தான். குஞ்சும் வேண்டாம், பெருசுங்க முன்னாடி நிக்காது. கருப்பிக்கும் ஊசி போட்டாச்சு.

முதல்ல மூணு வாரம் பழைய மாட்டுக்கொட்டகையில தனியா. ராணிக்கெட் வெளிய தெரியப் பதினஞ்சு நாள்கூட ஆகலாம்னுதான் மூணு வாரம். தண்ணித் தொட்டி வேற, அம்மா முதல்ல கருப்பிக்குப் போட்டுட்டு அப்புறம்தான் புதுசுங்ககிட்டப் போகும், கைகால் கழுவிக்கிட்டு.

அடுத்த ஒரு வாரம் கொல்லையில கம்பிவலை கட்டி, அந்தப் பக்கம் அதுங்க, இந்தப் பக்கம் கருப்பி. பாக்கலாம், தொட முடியாது. வலையோரமா ரெண்டு பக்கமும் நொய்யும் கருக்காயும் போட்டோம். முதல் நாள் கருப்பி வலையக் கொத்துச்சு. மூணாம் நாள் பக்கத்துலேயே மண்ணக் கிளறித் திங்க ஆரம்பிச்சுது. அஞ்சாம் நாள் வலையோரமாப் படுத்துக் கெடந்துச்சு.

கடைசி வேலை ராத்திரியில. இருட்டுல கோழிக்குக் கண்ணு சரியாத் தெரியாது, அசையாது. கருப்பி ஒக்காந்திருந்த கம்புல ஆறையும் ஒவ்வொண்ணாத் தூக்கி வெச்சோம். விடியறப்ப ஏற்கெனவே பக்கத்துல ஒக்காந்த ஆளாத் தெரியும். நாலரைக்கே எந்திரிச்சு நாலு எடத்துல தீனியப் பிரிச்சுப் போட்டாச்சு. ஒரே எடத்துல போட்டா வலுத்தது மத்தத வெரட்டிரும். பாத்துக்குங்க, சின்னச் சின்னக் கொத்துக்குக் குறுக்க போகக்கூடாது. ரத்தம் தெரிஞ்சா மட்டும் பிரிச்சு மஞ்சளும் வேப்பெண்ணெயும் போடணும்.

மூணு நாள்ல அடங்கிருச்சு. வேடிக்கை என்னன்னா, கருப்பி புள்ளிக்காரிய வெரட்டும், புள்ளிக்காரி வெள்ளச்சிய வெரட்டும், ஆனா வெள்ளச்சி வந்தா கருப்பி நகந்துக்கும்! வரிசைக்குள்ள இப்படி வட்டமும் வரும்னு அந்த நார்வேக்காரரே எழுதி வெச்சிருக்கார்.

முதல் முட்டை வந்தப்போ அதுல நாலக் கொண்டுபோய் அத்தாச்சிகிட்டக் குடுத்துச்சு அம்மா. நான் போகல. வெக்கம்.

அன்னிக்கு ராத்திரி, சந்தோஷத்துல, "இப்பவாச்சும் பெங்களூருக்கு வாம்மா, கோழிய அத்தாச்சி பாத்துக்கும்"னேன். அம்மா சிரிச்சுது.

"ஆறு கோழிய சேக்கவே மூணு வாரம் தனியா வெச்ச, ஒரு வாரம் வலைக்குள்ள வெச்ச. என்னைய மட்டும் ராத்திரி பஸ்ஸுல ஏத்தி காலையில கொண்டுபோய் எறக்கினா ஒட்டிக்குமாடா?"

பதில் சொல்லத் தெரியல. அதுக்கப்புறம் கூப்பிடறத மாத்திக்கிட்டேன். முதல்ல நாலு நாள், அப்புறம் ஒரு வாரம், அப்புறம் பத்து நாள். கீழ் வீட்டுல ஒரு திருவாரூர்க்கார அம்மாவோட சினேகம் ஆச்சு. இப்பவும் முழுசா வந்து ஒக்காரல. ஆனா திரும்பிப் போறப்ப, "அடுத்த தடவ எப்ப வரட்டும்?"னு அம்மாவே கேக்குது.

கருப்பி 2022 வரைக்கும் இருந்துச்சு. கடைசி வரைக்கும் வெள்ளச்சியக் கண்டா வழி விட்டுக்கிட்டேதான்.