வாக்கும் கணக்கும்: கொள்முதல் மென்பொருள் நிலைபெறும் ஓராண்டின் நாட்குறிப்பு

கொள்முதல் மென்பொருள் என்பது, ஒரு நிறுவனத்தில் ஒரு பொருளின் தேவை எழும் நேரம் முதல், அதற்கான பணம் விற்றவரின் வங்கிக் கணக்கைச் சேரும் நேரம் வரையுள்ள எல்லாப் படிகளையும் ஒரே பதிவேட்டில் இணைக்கும் கணினி ஏற்பாடாகும். கோயம்புத்தூர் வட்டாரத்து நடுத்தரப் பம்புத் தொழிற்சாலைகளின் பொதுவான அமைப்பை மாதிரியாகக் கொண்டு, அத்தகைய ஏற்பாடு ஒரு நிதியாண்டுக்குள் எவ்வாறு வேர்பிடிக்கிறது என்பதை இக்குறிப்புகள் மாதவாரியாகப் பதிவு செய்கின்றன. இவை எந்தத் தனி நிறுவனத்தின் வரலாறும் அல்ல.

ஏப்ரல்: நடப்பதை நடப்பதாகவே எழுதுதல்

முதல் மாதம் கணினிக்கு உரியதன்று. உற்பத்திப் பிரிவு எழுப்பும் தேவைச் சீட்டான இண்டென்ட், வழங்குநர்களிடம் பெறும் கொட்டேஷன்கள், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டுப் பட்டியல், பி.ஓ. எனப்படும் கொள்முதல் ஆணை, வாயிற்பதிவு, தர ஆய்வு, சரக்கு ஏற்கப்பட்டதைச் சொல்லும் ஜி.ஆர்.என்., இன்வாய்ஸ், பணம் என்ற வரிசை எல்லா நிறுவனங்களிலும் தாளில் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் தொலைபேசியிலேயே சரக்குக்குச் சொல்லிவிட்டு, சரக்கு வாயிலுக்கு வந்த பின்னர் ஆணையைத் தட்டச்சு செய்யும் வழக்கமும் அதே அளவுக்குப் பரவியிருக்கிறது. விதி சொல்வதை விட்டுவிட்டு உண்மையில் நடப்பதை, ஸ்டோர்ஸ் ஊழியரும் கணக்கரும் கொள்முதல் மேலாளரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதும்போதுதான், மென்பொருள் எதைத் திருத்த வேண்டும் என்பது புலப்படுகிறது. இத்திட்டத்தின் தலைமை கணினிப் பிரிவிடம் இல்லாமல் கொள்முதல் மேலாளரிடம் இருக்க வேண்டியதன் காரணமும் இதுவே.

மே: பொருள் பட்டியல்

இவ்வாண்டின் மிகக் கடினமான உழைப்பு இம்மாதத்தில் நிகழ்கிறது. பொருள் பட்டியல் என்பது, நிறுவனம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே குறியீடு, ஒரே விளக்கம், ஒரே அளவலகு என்று வரையறுக்கும் அடிப்படைத் தரவாகும். 6203 எண் கொண்ட பேரிங்கை எடுத்துக்கொண்டால், அதன் உள்விட்டம் 17 மில்லிமீட்டர் என்பது எண்ணிலேயே அடங்கியிருக்கிறது. எனினும் இருபுறமும் உலோக மூடி உள்ள ‘இசட்இசட்’ வகையும், இருபுறமும் ரப்பர் அடைப்பு உள்ள ‘2ஆர்எஸ்’ வகையும் பயன்பாட்டில் வேறுபட்டவை. பழைய ஏடுகளில் ஒருவர் எண்ணை மட்டும் எழுதியிருப்பார், மற்றொருவர் தயாரிப்பாளர் பெயரைச் சேர்த்திருப்பார், வேறொருவர் ‘சின்ன பேரிங்’ என்றே குறித்திருப்பார். இவை அப்படியே கணினியில் ஏறினால், ஒரே பொருள் மூன்று பெயர்களில் மூன்று முறை வாங்கப்படுவதும், வேறுபட்ட இரண்டு பொருள்கள் ஒரே பெயரில் கலப்பதும் தவிர்க்க முடியாதவை.

அளவலகு இதைவிட நுட்பமானது. வார்ப்படங்கள் ஃபவுண்டரியிலிருந்து கிலோ கணக்கில் வாங்கப்படுகின்றன; ஸ்டோர்ஸிலிருந்தோ எண்ணிக்கையில் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு வார்ப்படத்துக்கும் ஒரு தரநிலை எடையும், அதிலிருந்து விலகலாம் என்று ஏற்கப்படும் வரம்பும் பட்டியலில் இல்லாவிட்டால், கனம் கூடிய வார்ப்படத்துக்கு நிறுவனம் கூடுதல் பணமும் தருகிறது, அந்தக் கூடுதல் இரும்பைக் கடைந்து துருவலாக்கும் செலவையும் ஏற்கிறது.

ஜூன்: வழங்குநர் பட்டியல்

சரக்கு தருவோரின் விவரங்கள் இம்மாதம் சரிபார்க்கப்படுகின்றன. ஜிஎஸ்டி பதிவெண் 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்க (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்து வழங்குநரின் பான் எண்ணாக அமைகின்றன. ஆகையால் பான் எண்ணோடு பொருந்தாத பதிவெண்ணை மென்பொருளே தடுத்துவிட முடியும். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் இப்பட்டியலில் இடம்பெற வேண்டும்; அதன் தேவை பிப்ரவரிக் குறிப்பில் தெளிவாகும். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றும்படி மின்னஞ்சல் வந்தால், ஒருவர் பதிவு செய்ய, மற்றொருவர் முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் வழங்குநரை அழைத்து உறுதி செய்த பிறகே மாற்றம் ஏற்கப்படும் என்ற விதி, போலி மின்னஞ்சல் வழி நிகழும் பண மோசடியை வாயிலிலேயே நிறுத்துகிறது.

ஜூலை: எதை வளைப்பது

ஆயத்த மென்பொருளை நிறுவனத்தின் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றுவதா, வழக்கத்தை மென்பொருளுக்கு ஏற்ப மாற்றுவதா என்ற கேள்வி எல்லா நிறுவனங்களுக்கும் வருகிறது. ஜெர்மனியின் லிடில் அங்காடி நிறுவனம் 2011-இல் எஸ்ஏபி மென்பொருளின் அடிப்படையில் தொடங்கிய சரக்கு மேலாண்மைத் திட்டத்தை 2018-இல் கைவிட்டபோது, அதற்குள் ஏறத்தாழ 50 கோடி யூரோ செலவாகியிருந்ததாகச் செய்தி வெளியானது. சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அந்நிறுவனத்தின் வழக்கமாகவும், விற்பனை விலையில் மதிப்பிடுவது மென்பொருளின் இயல்பாகவும் இருக்க, வழக்கத்தைக் காப்பதற்காகச் செய்த மாற்றங்கள் பெருகிப்போனது அத்தோல்விக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. தொழிலின் இயல்பிலிருந்து பிறந்த தேவைகளுக்கு மட்டும் மென்பொருளை மாற்றுவதும், பழக்கத்திலிருந்து பிறந்தவற்றைக் கைவிடுவதும் இதிலிருந்து பெறத்தக்க அளவுகோல். தாமிர வைண்டிங் ஒயரின் விலை உலகச் சந்தையின் தாமிர விலையோடு ஏறி இறங்குவதால், ஒப்பந்த விலையை மாதந்தோறும் திருத்தும் வசதி தொழிலின் தேவை. ஒரே படிவத்தில் ஐந்து பேரின் கையொப்பம் பழக்கம் மட்டுமே.

ஆகஸ்ட்: ஒப்புதலும் பொறுப்பும்

எவ்வளவு தொகை வரை யார் ஒப்புதல் தரலாம் என்பதை வரையறுக்கும் அதிகார அட்டவணை இப்போது கணினிக்குள் செல்கிறது. ஆணையிடுபவரே சரக்கைப் பெற்றுக்கொள்பவராகவும், பணம் வழங்குபவராகவும் இருக்கலாகாது என்ற பொறுப்புப் பிரிவினை இதன் உயிர்நாடி. வரம்பைக் கடக்காமலிருக்க ஒரே தேவையைப் பல சிறு ஆணைகளாகப் பிரிப்பதை, ஒரே வழங்குநர், ஒரே பொருள், அடுத்தடுத்த நாள் என்ற அடையாளங்களால் மென்பொருள் காட்டிக்கொடுக்கிறது. நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடத்தையும், அது நிகழ்ந்த தேதியையும் அழிக்க முடியாதவாறு காக்கும் வசதி 2023 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கட்டாயமாகியிருப்பதால், ஒப்புதலின் வரலாற்றைக் காப்பது சட்டக் கடமையோடும் இணைகிறது.

செப்டம்பர்: முன்னோட்டம்

பீட்டர் கிரால்ஜிக் 1983-இல் எழுதிய ஒரு கட்டுரை, வாங்கும் பொருள்களை அவற்றின் முக்கியத்துவம், வழங்கலில் உள்ள இடர் ஆகிய இரண்டு அளவுகளால் நான்கு வகைகளாகப் பிரித்தது. முக்கியத்துவமும் இடரும் குறைந்த அட்டைப்பெட்டி, கையுறை, எண்ணெய் போன்றவற்றில் முன்னோட்டத்தைத் தொடங்கினால், பிழை நேர்ந்தாலும் உற்பத்தி நிற்பதில்லை. இந்த ஒரு மாதத்தில் ஸ்டோர்ஸ் ஊழியர்கள் திரையைப் பழகிக்கொள்வதோடு, பட்டியலில் மறைந்திருந்த பிழைகளையும் வெளிக்கொணர்கிறார்கள். சரக்கோடு நாள்தோறும் புழங்கும் அவர்கள் சொல்லும் திருத்தங்கள், ஆலோசகர்களின் அறிக்கைகளைவிட மதிப்பு மிக்கவை.

அக்டோபர்: மாறும் நாள்

இருப்பு நேரில் எண்ணப்பட்டு, நிறைவேறாத ஆணைகள் மட்டும் புதிய ஏற்பாட்டுக்கு மாற்றப்படுகின்றன. முடிந்துபோன ஆணைகள் பழைய ஏட்டிலேயே நிற்கின்றன. தாளும் கணினியும் இணைந்து ஓடும் காலத்துக்கு முடிவுத் தேதி முன்னரே அறிவிக்கப்படுவது இன்றியமையாதது; முடிவு தெரியாத இரட்டை வேலையில், மனிதர்கள் பழகிய தாளையே நம்பிக் கணினியை மாதக் கடைசியில் நிரப்பும் சடங்காக்கி விடுகிறார்கள்.

நவம்பர்: மும்முனை ஒப்பீடு

ஆணையில் சொன்னது, ஜி.ஆர்.என். ஏற்றது, இன்வாய்ஸ் கேட்பது ஆகிய மூன்றையும் பொருத்திப் பார்த்த பிறகே பணத்துக்கு வழிவிடுவது மும்முனை ஒப்பீடு எனப்படும். நூறு வார்ப்படங்களுக்கு ஆணையிட்டு, தொண்ணூற்றாறு வந்து, அவற்றுள் மூன்று காற்றுத்துளைகளால் தள்ளப்பட்டிருக்க, இன்வாய்ஸ் நூற்றுக்கும் கேட்டால், முன்பு கணக்கர் பல மேசைகளுக்கு நடந்து தெளிவுபெற்றார். இப்போது வேறுபாடு எங்கே, எவ்வளவு என்பது ஒரே திரையில் தெரிகிறது. ஆனால் எடையில் ஒரு சதவீத வேறுபாட்டுக்கும் இன்வாய்ஸ் நிறுத்தப்பட்டால் ஏற்பாடு முழுவதும் முடங்கும். ஆகையால் மே மாதத்தில் வரையறுத்த விலகல் வரம்பு இங்கே பயன் தருகிறது. வழங்குநர் தம் வரித்தாக்கலில் இன்வாய்ஸைக் காட்டியிருக்கிறாரா என்பதை, மாதந்தோறும் 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையோடு ஒப்பிடுவதும் இதே படியில் சேர்கிறது. அதில் இல்லாத இன்வாய்ஸின் உள்ளீட்டு வரியை நிறுவனம் கழித்துக்கொள்ள முடியாது.

டிசம்பர், ஜனவரி: ஏற்பாட்டுக்கு வெளியே

இரவில் இயந்திரம் நின்றுவிட, உதிரிபாகத்துக்காகக் கடைக்கு ஓடும் சூழல் எந்தத் தொழிற்சாலையிலும் நிகழும். அதைத் தடைசெய்யும் விதி மீறப்படுவதற்கென்றே எழுதப்பட்ட விதியாகிவிடும். தொகை வரம்புடனும் மறுநாள் பதிவுடனும் கூடிய அவசர வழி ஒன்றைத் திறந்துவைத்து, அவ்வழியில் அடிக்கடி வாங்கப்படும் பொருள்களைக் குறைந்தபட்ச இருப்புப் பட்டியலில் சேர்ப்பதே நிலையான தீர்வு.

பிப்ரவரி: கொடுக்கும் நாள்

கோயம்புத்தூரின் கணபதியிலும் பீளமேட்டிலும் சில கடைசல் இயந்திரங்களோடு இயங்கும் சிறு பட்டறைகளின் உழைப்பில்தான் பெரிய தொழிற்சாலையின் பம்பு உருவாகிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்புக்கொண்ட நாளுக்குள், எவ்வாறாயினும் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள்களுக்குள் தர வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும் என்றும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தாமதமான தொகையை உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக்கான செலவாகக் கழிக்கலாம் என்று 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) பிரிவு, இக்கடமையை வாங்குவோரின் சொந்த நலனோடும் பிணைத்தது. சரக்கை ஏற்ற தேதி, உத்யம் பதிவு, ஒப்பந்த நாள் ஆகிய மூன்றும் மென்பொருளில் இருந்தால், எந்தத் தொகை எந்த நாளைத் தாண்டக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிகிறது. பட்டறைக்காரர் பணத்துக்காகத் தொலைபேசியில் மன்றாட வேண்டிய தேவை மறைகிறது.

மார்ச்: அளந்து பார்த்தல்

உரிமக் கட்டணம் கட்டியதும், பயிற்சி நடத்தியதும், திரைகள் திறந்ததும் வெற்றியின் அளவைகளாகா. சரக்குக்கு முன் பிறந்த ஆணைகளின் விகிதம், முதல் ஒப்பீட்டிலேயே பொருந்திய இன்வாய்ஸ்களின் விகிதம், இண்டென்ட் முதல் ஆணை வரை செல்லும் நாள்கள், உரிய நாளுக்குள் வழங்கப்பட்ட தொகை, அவசர வழியில் வாங்கியவற்றின் பங்கு ஆகிய ஐந்தையும் ஏப்ரல் நிலையோடு ஒப்பிட்டால் உண்மை வெளிப்படும். கொள்முதல் ஆணை என்பது, இன்ன தரத்தில் இன்ன நாளில் சரக்கு தருவதாக ஒருவரும், அதை ஏற்று இன்ன நாளில் பணம் தருவதாக மற்றவரும் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை எல்லோரும் காணுமாறு எழுதிவைப்பது மட்டுமே மென்பொருளால் இயலும். அதைக் காப்பது என்று நிர்வாகம் முன்னரே தீர்மானித்திருந்தால்தான் அந்தப் பதிவுக்குப் பயன் உண்டு. ஆகவே அடுத்த ஆண்டு இதே முயற்சியில் இறங்கும் நிறுவனம், எந்த மென்பொருளை வாங்குவது என்று ஆராய்வதற்கு முன், தன் ஆணைகளைத் தானே மதிக்க ஆயத்தமாக இருக்கிறதா என்பதை ஆராய்வது நல்லது.