சிங்கப்பூர் எத்தனை தூரம்?

கோயம்புத்தூருக்கு வடக்கே மேட்டுப்பாளையம் போகும் பாதையில், மாசி மகத்தில் அரங்கநாதப் பெருமான் தேரேறும் ஊர் காரமடை. நிமிர்ந்து பார்த்தால் நீலகிரி மலை. தூரம் வேறு, பிரயாண காலம் வேறு என்பதை இவ்வூரில் மாணவர்களுக்குக் கற்பிக்க வரைபடமே வேண்டுவதில்லை. அந்த மலையைக் காட்டினால் போதும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு ஆகாயத்தில் நூல் பிடித்தால் முப்பது கிலோமீட்டருக்குள்தான். 1908இல் உதகையை எட்டிய மலை ரயிலோ 46 கிலோமீட்டர் சுற்றுகிறது. 208 வளைவுகள், 16 குகைப் பாதைகள். கல்லாறு தாண்டியதும் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம். நடுத் தண்டவாளத்தின் பற்களைச் சக்கரம் கவ்விக் கவ்வி ஏற வேண்டும். உச்சி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம். (அவசரக்காரர்கள் பஸ்ஸில் போவதே உத்தமம்.)

அதே ஐந்து மணிக்குள், பீளமேட்டில் ஆகாய விமானம் ஏறியவர் சிங்கப்பூரில் இறங்கிவிடுகிறார்! பூமிக்கோளத்தின் மேல் அளந்தால் இடைத்தூரம் சுமார் 3,160 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நாலரை மணி. 'ராஜுலா' என்ற கப்பல் 1926 முதல் சுமார் அரை நூற்றாண்டு காலம் சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்கு வழியாக நம்மவர்களை அங்கே ஏற்றிச் சென்றது. அதில் ஏறினவர்கள் ஏறத்தாழ ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடிகாரமும் ஒரு வேடிக்கை செய்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தியது. அங்கே இரவு எட்டு மணிக்குக் கிளம்பினால் இங்கே பத்துக்கு இறங்கலாம். இரண்டே மணி நேரந்தான் ஆனதுபோல் தோன்றும். இங்கிருந்து பத்துக்குக் கிளம்பினாலோ அங்கே விடியற்காலை ஐந்து! பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கணக்கு நாம் கண்டதில்லை.

ஆனால் எங்கள் தெருவில் ஓர் ஆத்தா கேட்ட கணக்கு இவ்வளவு சுலபமாயில்லை. அவருடைய ஒரே மகள் சிங்கப்பூரில் குடித்தனம் செய்கிறாள். கணவர் பல மாதங்களாகப் படுத்த படுக்கை.

"ஏனுங்க வாத்தியாரே, ஒரு அவசரம்னு சொல்லிவுட்டா, புள்ளை எத்தனை நேரத்துல வந்து சேருமுங்க?"

நாலரை மணி என்று பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி. அங்கே மூன்று மணி முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டும். இறங்கிய பின் பாஸ்போர்ட் சோதனை, பெட்டிகள்; பீளமேட்டிலிருந்து காரமடைக்கு மேலும் ஒரு மணிக்குக் குறையாது. ஆகப் பத்து மணிக்கு மேல். அதுவும் அந்த நேரத்துக்கு விமானம் இருந்து, அதில் இடமும் கிடைத்தால்! நேராக வரும் விமானங்களோ சொற்பம். ஒன்று போய்விட்டால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். அல்லது சென்னையைச் சுற்றி வர வேண்டும். நம் பக்கத்திலோ, விடியலில் போன உயிரென்றால் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவது வழக்கம்.

"ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆத்தா" என்றோம்.

அவர் சற்று நேரம் மலைப் பக்கமே பார்த்தார்.

"அப்படின்னா ஐஸ் பொட்டிக்குச் சொல்லி வெச்சுக்கோணுமுங்க" என்றார். பிறகு, கணவருக்குக் கஞ்சி ஆற்ற உள்ளே போய்விட்டார்.