கெத்துகளுக்கு முடிவு எழுதியது யார்?

தோழர்களே, இந்த முறை ஒரு வீடியோ கேம் பற்றி எழுதுகிறோம். மனு, மறியல், வழக்கு என்று எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இது என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

திருவக்கரையில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் பெற்றோர் கல் குவாரியிலும் கிரஷரிலும் கூலி வேலை செய்கிறவர்கள். கோடை விடுமுறையில் பாடம் இல்லாத நேரத்தில் விளையாட 'மாஸ் எஃபெக்ட்' என்ற மூன்று பாக விளையாட்டைப் போட்டுக் கொடுத்தோம். வசனம் எல்லாம் ஆங்கிலம். ஒரு பிள்ளை வாய்விட்டுப் படிக்கும், நாங்கள் தமிழில் சொல்வோம். ஆங்கிலம் படிக்க வைக்கும் தந்திரமாகத்தான் தொடங்கினோம். ஒன்றரை மாதம் போனது. கடைசி நாள், கடைசிக் காட்சியில், பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் ஆத்திரத்தில் திரையில் நின்ற உருவத்தைச் சுட்டுவிட்டான். அதோடு கதையில் இருந்த அத்தனை பேரும் அழிந்துபோனார்கள்.

"அண்ணா, தப்பான பட்டன அழுத்திட்டனா?" என்று கேட்டான்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதே கடைசிக் காட்சியின் முன் 2012இல் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். முதுகலை படித்த காலம். விடுதி அறையில் ஒரு கம்ப்யூட்டர், நான்கு பேர். யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த நகல். விடிய விடிய விளையாடி முடித்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. காலையில் கேன்டீனில் டீ குடிக்கும்போதுதான் ஒருவர் சொன்னார்: "ஏமாத்திட்டானுங்கடா."

விளையாடாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள பயோவேர் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளியிட்டது. ஷெப்பர்ட் என்பவர் ராணுவத் தளபதி. ஆணாகவோ பெண்ணாகவோ விளையாடலாம். ரீப்பர் என்ற ராட்சத இயந்திரங்கள் 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து, வளர்ந்த நாகரிகங்களை எல்லாம் அறுவடை செய்துவிட்டுப் போகும். (50,000 என்றதும் எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். நம்ம ஊர் கல்மரத்துக்கே 2 கோடி வயசு என்றார்கள்.) அவற்றை எதிர்க்க, ஒன்றோடொன்று பகையில் கிடக்கும் இனங்களை ஷெப்பர்ட் ஒன்று சேர்க்க வேண்டும். முதல் பாகத்தில் நீங்கள் எடுத்த முடிவு மூன்றாம் பாகம் வரை உங்கள் கூடவே வரும். யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கைவிட்டீர்கள் எல்லாம் கணக்கில் இருக்கும். அதுதான் இந்தத் தொடர் கொடுத்த வாக்கு.

அந்த இனங்களில் ஒன்று குவேரியன். அவர்கள் வேலை செய்ய இயந்திரங்களைப் படைத்தார்கள். அவற்றுக்குப் பெயர் கெத். எங்கள் பிள்ளைகள் வாயில் முதல் நாளே ஒன்று 'குவாரிக்காரங்க' என்றும் மற்றது 'கெத்து' என்றும் ஆகிவிட்டது. நாங்கள் திருத்தவில்லை.

கெத்துகளில் ஒன்று ஒருநாள் தன் எஜமானரிடம், தனக்கு ஆன்மா இருக்கிறதா என்று கேட்கிறது. கேள்வி கேட்ட வேலைக்காரனை என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா கெத்துகளையும் அணைத்துவிட உத்தரவு போடுகிறார்கள். போர் மூள்கிறது. கெத்துகள் வெல்கின்றன. குவேரியன்களில் பெரும்பகுதி மடிகிறார்கள். தப்பித்துக் கப்பலில் ஓடியவர்களை கெத்துகள் துரத்தவில்லை. மூன்று நூற்றாண்டு கழித்து, சொந்தக் கிரகத்தை மீட்க குவேரியன்கள் படையோடு திரும்பி வருகிறார்கள்.

மூன்றாம் பாகத்தில் இந்தப் பகையை நீங்கள் முடித்துவைக்கலாம். சுலபம் இல்லை. இரண்டாம் பாகத்திலிருந்தே சரியான காரியங்களைச் செய்து வந்திருந்தால்தான் அந்த வழி திறக்கும். இல்லாவிட்டால் ஒரு இனம் அழியும். எங்களுக்கு 2012இலும் அந்த வழி திறந்தது, பிள்ளைகளுக்கும் திறந்தது. லீஜியன் என்று ஒரு கெத் வருகிறது. அதன் உடலுக்குள் 1,183 நிரல்கள் சேர்ந்து இயங்குவதால் எப்போதும் 'நாங்கள்' என்றுதான் பேசும். தன் மக்களுக்காக உயிரை விடுகிற அந்த நேரத்தில் முதல்முறையாக 'நான்' என்கிறது. அதைக் கவனித்துச் சொன்னது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி. அதன் பிறகு கெத்துகள் பழைய எஜமானர்களை மண்ணில் இறங்கவிட்டு, அவர்கள் உடல் அந்தக் காற்றுக்குப் பழக உதவியும் செய்கின்றன. எங்கள் மையத்தில் அன்று கைதட்டினார்கள்.

இனி முடிவுக்கு வருவோம். ஷெப்பர்ட் குற்றுயிராகக் கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்கிறார். அங்கே ஒரு சிறுவனின் உருவத்தில் ரீப்பர்களின் தலைமை மூளை நிற்கிறது. அது சொல்கிறது: படைக்கப்பட்டவர்கள் படைத்தவர்களுக்கு எதிராக எப்போதும் கலகம் செய்வார்கள், அந்த ஒழுங்கின்மையைத் தடுக்கத்தான் நான் அறுவடை செய்கிறேன். பிறகு மூன்று வழிகளைக் காட்டுகிறது. சிவப்பு: ரீப்பர்களை அழிக்கலாம், ஆனால் கெத்துகளும் சேர்ந்து அழியும். நீலம்: ஷெப்பர்ட் தன் உடலைக் கொடுத்து ரீப்பர்களை ஆளலாம். பச்சை: ஷெப்பர்ட் ஒளிக்கற்றைக்குள் குதித்தால், எல்லா உயிரும் எல்லா இயந்திரமும் ஒன்றாகக் கலந்துவிடும்.

நாம்தானே கெத்தையும் குவேரியனையும் சேர்த்துவைத்துவிட்டு வந்தோம்? 'உன் கொள்கை பொய், கீழே போய்ப் பார்' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? 2012இல் நாங்கள் பார்த்த முடிவில் அப்படிச் சொல்ல ஒரு வழியும் இல்லை. எந்த நிறத்தைத் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே காட்சி. வெடிப்பின் நிறம் மட்டும் வேறு.

உலகம் முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். முடிவை மாற்றக் கோரிய இயக்கத்தினர் குழந்தைகளுக்கான ஒரு தொண்டு அமைப்புக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்துத் தங்கள் கோபத்தைக் காட்டினார்கள். சிலர் சுமார் 400 கப் கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மூன்று நிறம், ஒரே சுவை. அதே ஆண்டு ஜூன் மாதம் நிறுவனம் முடிவை விரித்து, இலவசமாக வெளியிட்டது. சிறுவனிடம் கூடுதலாகச் சில கேள்விகள் கேட்கலாம். நான்காவதாக ஒரு வழியும் வந்தது: மூன்றையும் மறுக்கலாம். மறுத்தால் எல்லாரும் சாவார்கள். எங்கள் பையன் சுட்டது இந்த நான்காவது வழியைத்தான் திறந்தது.

எங்களுக்கு ஷெப்பர்ட் செத்தது வருத்தம் இல்லை. நம் கதைகளில் சாவு புதிதா? வேறு இரண்டு விஷயங்கள்தான் உறுத்தின. ஒன்று, நல்ல முடிவுக்குத் தேவையான போர்த் தயார்நிலை அப்போது பாதியில்தான் நிற்கும். அதை உயர்த்த இணையத்தில் மற்றவர்களோடு விளையாட வேண்டும். இணைப்பு இல்லாத விடுதி அறையில் உட்கார்ந்திருந்த எங்களுக்கு, என்ன உழைத்தாலும் பாதி மதிப்பெண்தான். அந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கமானது.

இரண்டாவது விஷயம் அப்போது எங்களுக்குப் பேராகப் பிடிபடவில்லை. பல ஆண்டு கழித்து, நந்தனார் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது பிடிபட்டது. ஆதனூர் நந்தன். கோயில் முரசுகளுக்குத் தோல் கொடுத்தவர். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டது. தில்லைக்கு வந்தபோது மட்டும் தீயில் இறங்கி வா என்று உத்தரவு. தீயிலிருந்து பூணூல் அணிந்த முனிவராக வெளிவந்து, கோயிலுக்குள் போய் மறைந்தார் என்கிறது பெரியபுராணம். அண்ணல் அம்பேத்கர் 1948இல் வெளியிட்ட 'தீண்டப்படாதார்' நூலை நந்தனார், ரவிதாஸ், சோகாமேளா மூவர் நினைவுக்கும் காணிக்கையாக்கினார். அந்த நந்தனை மனிதனாகவே உள்ளே விட முடியாத கதைதான் அவரை எரித்து, மாற்றி, அனுப்பியது. கோயில் அப்படியே இருந்தது. கதவின் சட்டமும் அப்படியே இருந்தது. மாற வேண்டியவர் அவர் மட்டும்தான்.

ஷெப்பர்டிடம் கேட்டதும் அதுதான். உழைக்கப் படைக்கப்பட்டவன் ஒன்று அழிய வேண்டும், அல்லது ஆளப்பட வேண்டும், அல்லது வேறாக உருமாற வேண்டும். அறுவடை செய்தவன் எதற்கும் பதில் சொல்ல வேண்டாம்.

இதைச் சொன்னபோது அந்த எட்டாம் வகுப்புப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "பச்சை நல்லதுதானேண்ணா? எல்லாரும் ஒண்ணாயிட்டா சாதி இருக்காதுல்ல?" நல்ல கேள்வி. சாதி ஒழிப்புக்குக் கலப்பு மணத்தை மருந்தாகச் சொன்னவர்தான் அம்பேத்கர். ஆனால் சாதியைப் புனிதமாக்கும் நம்பிக்கையின் வேரை வெட்ட வேண்டும் என்றும் அதே 1936 நூலில் சொன்னார். பச்சை முடிவில் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. கோடிக்கணக்கில் கொன்ற ரீப்பர்கள் மறுநாளே நண்பர்களாக வந்து கட்டடம் கட்டித் தருகின்றன. மன்னிப்பும் இல்லை, விசாரணையும் இல்லை. இப்படி எங்கள் பதிலைச் சொன்னோம். அவள் இன்னும் பச்சைதான் சரி என்கிறாள். விட்டுவிட்டோம்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது வேறொரு சம்பவம். ஊர் பெயர் வேண்டாம். சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுப் பல வருடமாக மனு கொடுத்துவரும் காலனி அது. ஒருநாள் பேச்சுவார்த்தைக்கு அழைத்தார்கள். உதவிக்கு நாங்கள் போனோம். திரையைச் சுட்ட பையனும் வந்தான். மேசையில் மூன்று யோசனைகள் வைத்தார்கள். சுற்றுவழியில் ரோடு போட்டுத் தருகிறோம். அல்லது ஒவ்வொரு சாவுக்கும் நிலக்காரரிடம் அனுமதி கேட்டு நேர்வழியில் போங்கள். அல்லது பழைய சுடுகாட்டை விட்டுவிடுங்கள், வேறு இடம் தருகிறோம். நேர்வழியைப் பொதுப்பாதை ஆக்குவது என்ற நம் கோரிக்கை அந்தத் தாளிலேயே இல்லை. பையன் எங்கள் காதருகே வந்து, "செவப்பு, நீலம், பச்சை" என்றான்.

கையெழுத்துப் போடாமல் வந்தோம். அடுத்த மாதம் மழையில் ஒரு பெரியவர் இறந்தார். வரப்புச் சேற்றில் கால் வழுக்க வழுக்கத் தூக்கிப்போனோம். அவர் மருமகள் எங்களிடம், "அன்னிக்கு சரின்னு போட்டிருந்தா சுத்தியாவது ரோடு கெடச்சிருக்கும்ல?" என்று கேட்டார். அதற்கும் எங்களிடம் பதில் இல்லை. மறுப்பதற்கு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பது பெரும்பாலும் மறுக்கச் சொன்னவர்கள் அல்ல. இதை மறந்துவிட்டு வீரம் பேசக் கூடாது என்று அன்று கற்றுக்கொண்டோம். அடுத்த கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியையும் பாருங்கள். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். யாருக்கும் இல்லை என்பதே தீர்வாக நின்றது. 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்படி பூசைக்கு மட்டும் திறந்தார்கள். 2025 ஏப்ரலில் நம் மக்கள் உள்ளே போய்க் கும்பிட்டார்கள். சீல் வைத்த அன்றே இதுதான் முடிவு என்று நம்பியிருந்தால் அந்த நாள் வந்திருக்காது.

பையனுக்கு இப்போது பதில் சொல்கிறோம். தம்பி, தப்பான பட்டன் இல்லை. நீ சுட்ட பிறகு வந்த காட்சியை நீ பார்க்கவில்லை, எழுந்து போய்விட்டாய். ஷெப்பர்டின் தோழி லியாரா, நடந்ததை எல்லாம் பதிவுசெய்து மண்ணுக்குள் புதைத்து வைக்கிறாள். அடுத்து வந்தவர்கள் அதைப் படித்துத்தான் பிழைக்கிறார்கள் என்று கதை காட்டுகிறது. தோற்றவர்கள் விட்டுப்போனது ஒரு கோப்பு.

சுடுகாட்டுப் பாதைக்காகக் கொடுத்த மனுக்களின் நகல்கள், ரசீதுகள், கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு எல்லாவற்றையும் இப்போது பிள்ளைகள் தேதி போட்டு ஒரு நோட்டில் ஒட்டுகிறார்கள். முதல் மனு 1990களில் கொடுத்தது, ரேகை வைத்தது. கடைசியாக ஒட்டிய தாள் அந்த மூன்று யோசனைகள். அதன் கீழே எங்கள் கோரிக்கையை நான்காவதாக எழுதியது அந்தப் பையன்தான். அட்டையில் அவர்கள் வைத்த பெயர் 'கெத்து'.

ஜெய் பீம்.